சாயவேர்ச் சிவப்பு: யாழ்ப்பாண அரசின் போர்வீரனுக்கு வண்ணம் தீட்டல்

வரலாற்றுப் போர்வீரரை 54 மில்லிமீற்றர் உயரமுள்ள சிற்றுருவங்களாக வார்த்து, அவற்றுக்கு அக்கிரிலிக் வண்ணம் தீட்டும் கலை மேனாடுகளிற் பொழுதுபோக்காக வளர்ந்ததாயினும், அதனைப் பொழுதுபோக்கென்று மட்டும் ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. வரலாற்றாசிரியனுக்குள்ள ஒரு வசதி வண்ணந் தீட்டுவோனுக்கு இல்லை. சான்று கிடையாதவிடத்து வரலாற்றாசிரியன் வாளாவிருக்கலாம். தூரிகை ஏந்தியவனோ தலைப்பாகைக்கு ஏதேனுமொரு நிறம் இட்டேயாக வேண்டும். இட்ட நிறம் காண்போர் கண்ணுக்கு வரலாற்றுக் கூற்றாகவே தோன்றும். அவ்வாறாயின், 1619இல் நல்லூரரசின் பக்கம் நின்று போர்த்துக்கேயரை எதிர்த்த வீரனொருவனைத் தீட்டப் புகுவோன் எந்நிறத்தைத் தொட்டெடுப்பது?

ஐரோப்பியப் போர்வீரனைத் தீட்டுவோனுக்கு இவ்விடர் பெரிதில்லை. 1645இல் ஆங்கிலப் பாராளுமன்றத்தின் புதுமுறைப் படை செஞ்சட்டை பூண்டது முதலாக, சீருடை அரச ஆணைக்குரிய பொருளாயிற்று. 1815இல் வாட்டர்லூவில் நின்றவனின் கழுத்துப்பட்டி நிறத்தையும் ஏட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். யாழ்ப்பாண அரசின் காலமோ பொதுவாகவே சீருடைக்கு முற்பட்டது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனியின் போர்வீரரிடத்துங்கூட ஒரே நிறச் சீருடை இருந்ததில்லை.

நம்முடைய எழுத்துச் சான்றுகள் இவ்விடயத்திற் கைகொடுப்பன அல்ல. 1736 அளவில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை அரசரின் வரன்முறையைப் பேணுவதேயன்றிப் படைவீரனின் உடையை விரிப்பதன்று. 1687இல் கோவாவில் தம் பெருநூலை நிறைவுசெய்த குவேறோஸ் பாதிரியார் 1560, 1591, 1619ஆம் ஆண்டுகளின் படையெடுப்புகளைப் பற்றி நிரம்ப எழுதினார். ஆயினும் அவர் கண்ணுக்குப் புலப்பட்டவை வெற்றியும் தோல்வியுமேயன்றித் துணியின் நிறமன்று. 1672இல் வெளிவந்த பால்தேயுவின் நூலிலுள்ள செப்புத்தகட்டுப் படங்கள் அழகியன. ஆனால் அவை கருமையும் வெண்மையுமே. அவற்றுட் சிலவற்றுக்குப் பிற்காலத்தவர் பூசிய வண்ணம் சான்றாகாது. யாழ்ப்பாண அரசர் வெளியிட்ட காசுகளில் நந்தியும் ‘சேது’ என்னும் எழுத்தும் உள. இடபக் கொடி பற்றிய மரபுக்கு அவை வலுச்சேர்க்கலாம். அக்கொடியின் துணி எந்நிறம் என்ற வினாவுக்கு நாணயம் விடை தராது. இன்று நாடக மேடையும் நாட்காட்டிப் படமும் நமக்குப் பழக்கியுள்ள பட்டுச் சட்டையும் சரிகைக் கச்சையும் பெரும்பாலும் பிற்காலத்து அரங்க உடைகளே.

கடலுக்கு அப்பால் நோக்குமிடத்துச் சிறிது வெளிச்சம் கிடைக்கின்றது. இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தின் சுவர்களில், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேதுபதிக்கும் தஞ்சை மராத்தியருக்கும் நிகழ்ந்த போர் வண்ணமாகத் தீட்டப்பட்டுள்ளது. சேது மண் நமக்கு அயலன்று. 1619 முதல் 1621 வரையிலான போராட்டத்தில் தஞ்சை இரகுநாத நாயக்கனின் படைகளும் இங்கு வந்து போரிட்டன. எனவே நாயக்கர் காலத்து உடைமரபு இக்கரையிலும் அறியப்பட்டிருந்தது எனக் கொள்ளல் தகும். ஆயினும் அச்சுவரோவியம் நல்லூர் வீழ்ந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து வரையப்பட்டது என்பதை மறத்தலாகாது. அதிலுள்ள நீண்ட சட்டையை 1619இன் வீரனுக்கு அப்படியே அணிவித்தல் துணிச்சலான செயலாகும்.

ஓவியம் கைவிடும் இடத்தில் வேர் ஒன்று கைகொடுக்கின்றது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளின் மணற்பாங்கிலும் தானாக வளரும் சாயச்செடியின் வேர் பருத்தித் துணிக்குச் செந்நிறம் தருவது. அதனைத் தோண்டியெடுத்துத் திறையாகச் செலுத்துவதையே கடமையாகக் கொண்ட மக்கட் பிரிவினர் இங்கிருந்தனர். ஒல்லாந்தர் அதனைக் கம்பனியின் தனியுரிமையாக்கிக் கொண்டமையே அதன் பெறுமதிக்குச் சான்று. கடுக்காய்நீரில் தோய்த்துப் படிகாரம் ஊட்டிய துணியைச் சாயவேருடன் கொதிக்க வைத்தால் சிவப்பு ஊன்றும். படிகாரத்துக்குப் பதிலாக இரும்புநீர் சேர்ந்தாற் கருமை பிறக்கும். ஆகவே இம்மண்ணின் வீரனுக்குச் சிவப்பு இட நமக்கு உரிமையுண்டு. எத்துணைச் சிவப்பு என்பதே வினா. சாயமிட்ட துணி விலையுயர்ந்த வாணிபப் பொருள். வேளாண்மையை விட்டுப் போருக்கு வந்த சாதாரணன் உடல் முழுதும் அதனைச் சுற்றியிருப்பான் என நான் கருதவில்லை. அரைத்துணியைச் சாயமிடாப் பருத்தியின் மங்கிய வெண்மையாகவும், தலைப்பாகையையோ இடைக்கச்சையையோ மட்டும் சிவப்பாகவும் தீட்டுதலே பொருத்தமாகும். முதலி ஒருவனுக்காயின் கை சற்றுத் தாராளமாகலாம்.

அச்சிவப்பைக் குப்பியிலிருந்து அப்படியே எடுத்தல் கூடாது. கடைச் சிவப்பு மிகவும் பளிச்சிடுவது. சாயவேரின் நிறமோ செங்கல்லுக்கும் அரக்குக்கும் இடைப்பட்டது. காவிச் சிவப்பில் அரக்குநிறம் சிறிது கலந்தால் அதனை அணுகலாம். அக்கிரிலிக் நீரிற் கரைந்து விரைவில் உலர்வதாதலின், பால்போல் நீர்த்த வண்ணத்தை இரண்டு மூன்று முறை மெல்லியதாகப் பூசுதல் நன்று; ஒரே பூச்சில் தடித்து அப்பினால் வார்ப்பின் மடிப்புகள் மூடுண்டு போகும். சிற்றுருவில் எந்நிறமும் உள்ளதினும் கருமையாகத் தோன்றுவதால், அரைப்பங்கு வெளிறச் செய்வதும் வேண்டும். மடிப்பின் ஆழத்துக்குக் கபில நிறமே போதும், தனிக்கருமை வேண்டா.

‘உடல் நிறம்’ எனப் பெயரிட்டு விற்கப்படும் குப்பி ஐரோப்பியனின் உடல் நிறமே என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். நம்மவனுக்குச் சுட்ட காவியுடன் மஞ்சட்காவியும் ஒரு துளி நீலமும் கலத்தல் வேண்டும். பாதத்தை வெறுமையாகவே விடலாம், செருப்புக்குச் சான்றில்லை. அப்பாதத்தில் ஒட்டிய புழுதி வலிகாமத்துச் செம்மண்ணா, வடமராட்சிக் கரையின் வெண்மணலா என்பது, அவன் எவ்விடத்தில் நிற்பதாக நாம் கொள்கின்றோம் என்பதைப் பொறுத்தது.