இரத்தப் பையும் கொடையாளரும்: ஒரு சட்ட வரலாற்றுக் குறிப்பு

மைசூரு அக்ரஹாரத்தில் கன்னடம் பேசுவோர் 'காமாலெ' என்கின்றனர், தமிழில் 'காமாலை', வடமொழியில் 'காமலா'. உடலில் தோன்றும் மஞ்சள் நிறத்தைக் கொண்டே நோயை அறிந்த காலத்தின் சொற்கள் இவை. ஆனால் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் பல்லாண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் கல்லீரலைச் சிதைக்க வல்லவை. கண் காணாததை ஆய்வகமே காண வேண்டும். எனவே யாரைச் சோதிப்பது, முடிவை யாருக்குச் சொல்வது என்பவை சட்டத்தின் வினாக்களாகின்றன.

இந்தியாவில் இவ்வினாக்கள் இரத்த வங்கியின் வழியாகவே சட்டத்துள் நுழைந்தன. 'காமன் காஸ்' அமைப்பு தொடுத்த பொதுநல வழக்கில் 1996 ஜனவரி 4 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரத்த வங்கிகள் அனைத்தும் உரிமம் பெற வேண்டும், பணத்துக்கு இரத்தம் விற்கும் முறை ஒழிய வேண்டும் என்று அது ஆணையிட்டது. 1998 ஜனவரி 1 முதல் அம்முறை தடை செய்யப்பட்டது. 1989இல் இனங்காணப்பட்ட ஹெபடைடிஸ் சி கிருமிக்கான சோதனை 2001இல் கட்டாயமாயிற்று.

இவ்விதிகள் காத்தது இரத்தம் பெறுபவரை. கிருமியுள்ள பை அழிக்கப்பட்டது; அதைக் கொடுத்தவரோ தம் நோயை அறியாமலே வீடு திரும்பக்கூடிய நிலை இருந்தது. 2002ஆம் ஆண்டின் தேசிய இரத்தக் கொள்கைதான், முடிவை அறிய விரும்பும் கொடையாளருக்குத் தகவலும் ஆலோசனையும் கிடைக்க வழி வகுத்தது. எனினும் அக்கொள்கையின்படி கேட்க வேண்டியவர் கொடையாளராகவே இருந்தார். தமக்கு நோயிருக்கும் என்ற ஐயமே இல்லாதவர் எதைக் கேட்பார்?

நியூயார்க் மாநிலம் இவ்வரிசையைத் திருப்பிப் போட்டது. 1945 முதல் 1965 வரை பிறந்தோருக்கு ஹெபடைடிஸ் சி சோதனையை மருத்துவரும் மருத்துவமனையும் தாமே முன்வந்து அளிக்க வேண்டும் என்ற சட்டம் 2014 ஜனவரியில் அங்கு நடைமுறைக்கு வந்தது. மறுக்கும் உரிமை மக்களுக்கு உண்டு. நோய்க்குறி தென்பட்டால் தொடர் சிகிச்சைக்கு வழிகாட்டும் கடமை மருத்துவருக்கு உண்டு.

இந்தியாவில் 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் இலவசப் பரிசோதனையும் சிகிச்சையும் வழங்குகிறது. பி வகைக் கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கின் பிறந்த நாள் அது. பெரும் முன்னேற்றம்தான், ஆயினும் அது திட்டமே, சட்டம் அன்று. திட்டம் வருவோருக்குக் கதவைத் திறந்து வைக்கும். கதவு இருப்பதையே அறியாதவரிடம் சென்று சொல்லும் கடமையைச் சட்டமே சுமத்த முடியும். இரத்தப் பைக்கு நாம் விதித்த கவனம், அதை நிரப்பிய மனிதருக்கும் உரியது.