படூர் பெரியவங்களும் பஸ் படியும்

நான் படூர்வாசி. இங்கே ஓஎம்ஆரில் எங்களை மாதிரி ஐடி ஆட்களுக்கு என்னென்ன வந்தது என்று நிறைய பேசியாச்சு. இன்றைக்கு நம்ம தாத்தா பாட்டிகளுக்கு என்ன வந்தது என்று பார்ப்போம்.

1962 ஏப்ரல் 1-ல் இருந்து தொடங்கணும். காமராஜர் ஆட்சி. ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவித்தொகை. மத்திய அரசு நாடு முழுக்க இப்படி ஒன்றைக் கொண்டுவர 1995 ஆகிவிட்டது, அந்த வகையில் நாம் ரொம்பவே முன்னாடி. ஆனால் அது சாப்பாட்டுக்கான பணம். வீட்டை விட்டு வெளியே போய் வருவது பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை.

2007-ல் உலக சுகாதார நிறுவனம் முதியோருக்கு உகந்த நகரங்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் 8 தலைப்புகள், போக்குவரத்தும் ஒன்று. அடுத்த வருஷம் நமக்கு என்ன கிடைத்தது? மத்திய கைலாஷில் இருந்து சிறுசேரி வரை ஆறு வழிச் சாலை!

ஒரு சின்ன கணக்கு போடலாம். ஒரு லேன் 3.5 மீட்டர், ஆறுக்கு 21. பாதசாரி விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துத்தான் பொதுவாக சாலை வடிவமைப்பார்கள். அப்படிப் பார்த்தால் 18 விநாடி போதும். 0.8 மீட்டர் வேகத்தில் நடக்கிற பெரியவருக்கு 26 ஆகும். நடுவில் மீடியன் வேறு இருக்கு.

2016-ல் ஜெயலலிதா ஆட்சியில், 60 வயது தாண்டியவர்கள் மாநகரப் பேருந்தில் இலவசமாகப் போக மாதம் 10 டோக்கன். நல்ல திட்டம்தான். ஆனால் சென்னையில் வசிப்பவர்களுக்கு. 2011-ல் விரிந்த மாநகராட்சி எல்லை ஓஎம்ஆரில் செம்மஞ்சேரியோடு முடிகிறது. அப்புறம் நாவலூர், ஏகாட்டூர், அதற்குப் பிறகுதான் படூர். நாங்கள் பஞ்சாயத்து, செங்கல்பட்டு மாவட்டம். அதே மாநகரப் பேருந்து எங்க ஊர் வழியாகவும்தான் போகுது பாருங்க!

எங்க ஊர்ப் பாட்டிகளுக்கு உண்மையில் வழி திறந்தது 2021 மே மாதம், பெண்களுக்கான இலவசப் பயணம் வந்தபோது. அதில் வயசும் கேட்கவில்லை, விலாசமும் கேட்கவில்லை. முதியோருக்கென்று போட்ட திட்டத்தை விட, அவர்கள் பெயரே இல்லாத திட்டம்தான் படூர் வரைக்கும் வந்தது. தாத்தாக்கள் இன்னும் டிக்கெட் எடுக்கிறார்கள்.

பஸ் படி விஷயமும் இதே கதைதான். தாழ்தளப் பேருந்து வேண்டும் என்று வருஷக்கணக்கில் நீதிமன்றம் வரை போய்ப் போராடியவர்கள் மாற்றுத்திறனாளி உரிமைச் செயல்பாட்டாளர்கள். 2024 ஆகஸ்ட்டில் சென்னையில் 58 தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. முட்டி வலிக்காரர்களுக்கும் அதுதான் தேவை, ஆனால் அவர்கள் யாரும் வழக்கு போடவில்லை. இன்னொன்று, இந்த பஸ் நடைபாதையை ஒட்டி நின்றால்தான் அந்தத் தாழ்தளத்துக்குப் பலன். நடு ரோட்டில் நிறுத்தினால் பாட்டி முதலில் நடைபாதையில் இருந்து இறங்கணும், அப்புறம் பஸ்ஸில் ஏறணும்.