பூட்டில் ஏறிய ஊர்ப்பெயர்

ஊர்ப்பெயரும் விலைபோகும் சரக்குதான். இதை எங்கள் திண்டுக்கல் கொஞ்சம் தாமதமாகவே தெரிந்துகொண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுருட்டுக்குத் திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று பெயர். 1887-ல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே அந்தச் சுருட்டை இனம் கண்டுவிடுகிறார். லண்டனில் அந்தப் பெயர் அவ்வளவு பழக்கம். ஆனால் அதற்கான புகையிலையில் பெரும்பகுதி திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் விளைந்தது. இலை எங்களுடையது, பெயர் திருச்சிக்கு.

அதே 1887-ல் இங்கிலாந்து ஒரு சட்டம் போட்டது. ஜெர்மனியின் மலிவுச் சரக்கு, ஷெஃபீல்டு கத்தி போல வேஷம் போட்டு விற்கிறது என்று புகார். ஆங்கிலச் சரக்கு என்று எண்ண வைக்கும் அயல்நாட்டுப் பொருளில், அது செய்யப்பட்ட நாட்டின் பெயரைப் போட வேண்டும் என்றார்கள். அவமானத்துக்காக வந்த ‘மேட் இன் ஜெர்மனி’, தரம் உயர உயர, பெருமைக்குரிய முத்திரையாகிவிட்டது. முத்திரை தரத்தைக் கொண்டுவரவில்லை. தரம்தான் முத்திரைக்கு மதிப்பைக் கொண்டுவந்தது.

எங்கள் பூட்டுக்கு வருகிறேன். 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விண்ணப்பித்தது பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். நாகல் நகர், நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி என்று ஐந்து கிலோமீட்டருக்குள் 3,125 பட்டறைகள் இருப்பதாக அப்போது செய்தி வந்தது. தகடு வெட்டி, லீவர் அடுக்கி, அரத்தால் ராவிச் சாவி பொருத்துவது எல்லாம் கைவேலை. ஒரு பூட்டின் சாவி இன்னொன்றைத் திறக்காது என்பதே அதன் பெயர். எங்கள் வீட்டு மாங்காய்ப் பூட்டு அப்பா காலத்தது. இன்றும் அதே சாவிக்குத்தான் திறக்கிறது.

குறியீடு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நண்பர்கள் சொன்னார்கள். அப்படியில்லை. பதிவு பத்து ஆண்டுக்குத்தான். பிறகு புதுப்பிக்க வேண்டும். நம் சட்டம் நம் நாட்டு எல்லையோடு சரி. டார்ஜிலிங் தேயிலைக்கு இங்கே முதல் குறியீடு கிடைத்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் அதைத் தனியாகப் பதிய 2011 ஆயிற்று. கடல் கடந்து விற்க நினைத்தால் எங்கள் பூட்டுக்கும் அதே பாடுதான்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அலிகாரின் இயந்திரப் பூட்டு மலிவாக வருகிறது. கூலி கட்டாமல் பட்டறைப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். பெயரைப் பதிந்து வைக்கலாம். அரம் பிடிக்கும் கையைப் பதிந்து வைக்க முடியாது. சுருட்டில் எங்களுக்கு வேலை இருந்தது, பெயர் இல்லை. பூட்டில் பெயர் வந்துவிட்டது, வேலை போய்விடக் கூடாது.

அடுத்த முறை பூட்டு வாங்கும்போது, விலையோடு ஊரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.