முகம் கறுத்தது யார் குற்றம்?

நம்மில் பலருடைய வீட்டுச் சுவரிலே ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் தொங்கிக்கொண்டிருக்கும். தாத்தா வெள்ளை வேட்டி சட்டையோடு நாற்காலியில் அமர்ந்திருப்பார். பாட்டி பக்கத்தில் நிற்பார். வேட்டி பளிச்சென்று வெளுத்திருக்கும். அதன் மடிப்புக்கூடத் தெரியாது. முகமோ இருண்டு கிடக்கும். கண் எது, மூக்கு எது என்று தேட வேண்டியிருக்கும். பிள்ளைகள் காரணம் கேட்டால், "நம்ம நிறம் அப்படி, படத்திலே விழாது" என்று சொல்லிவிடுகிறோம்.

இந்தப் பதில் சரிதானா? படம் பிடிக்கும் கலையின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். மரநிழலிலிருந்து வெயிலுக்கு வரும்போது நம் கண் ஒரு கணம் கூசுகிறது, பிறகு பழகிக்கொள்கிறது. நிழலையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்துச் சமாளிக்கும் திறமை கண்ணுக்கு உண்டு. பிலிமுக்கு அந்தத் திறமை இல்லை. கதவு திறந்து மூடும் ஒரு நொடிக்குள் விழுந்த ஒளிதான் அதற்குக் கணக்கு. நல்ல வெயிலில், பிரகாசமான இடம் நிழலைவிட 100 மடங்குக்கு மேல் ஒளியுடையதாக இருப்பது சாதாரணம். இருண்ட அறையை ஜன்னலோடு சேர்த்து எடுத்தால் அது 1,000 மடங்கையும் தாண்டிவிடும். ஆனால், நாம் கையில் வைத்துப் பார்க்கும் படத்தாளில் மிக வெளுத்த இடத்துக்கும் மிகக் கறுத்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 100 மடங்குதான். பெரிய மூட்டையைச் சிறிய பெட்டிக்குள் அடைப்பது போன்ற வேலை இது. எதையாவது வெளியே விட்டுத்தான் ஆகவேண்டும். எதை விடுவது, எதைக் காப்பது? படக்கலையின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் டாகேர் என்பவரின் படமுறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அக்காலத் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தன. ஆகவே நீல வானம் வெறும் வெள்ளையாக விழுந்தது. கடலுக்கு ஏற்ற ஒளி கொடுத்தால் வானத்து மேகம் மறைந்தது; மேகத்துக்கு ஏற்ற ஒளி கொடுத்தால் கடல் இருண்டது. அதே நாட்டைச் சேர்ந்த குஸ்தாவ் லெ கிரே, 1850களில் இதற்கு ஒரு வழி கண்டார். வானத்தைத் தனியாகவும் கடலைத் தனியாகவும் இரண்டு நெகடிவ்களில் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் இணைத்து அச்சிட்டார்.

நிறக் குறை மெல்ல மெல்லத்தான் தீர்ந்தது. 1873இல் ஜெர்மானிய அறிஞர் வோகல், சில சாயங்களைச் சேர்த்தால் தகடு பச்சை ஒளியையும் உணரும் என்று கண்டறிந்தார். அப்போதும் சிவப்பு ஒளி அதற்குத் தெரியவில்லை. மனிதருடைய தோல், எந்த நாட்டவர் தோலானாலும், நீலத்தைவிடச் சிவப்பையே அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. சிவப்பை உணராத தகட்டில் மாநிற முகம் உள்ளதைவிடக் கறுத்து விழுந்தது. எல்லா நிறங்களையும் உணரும் தகடுகளை 1906இல்தான் இங்கிலாந்தின் ராட்டன் வெயின்ரைட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய வகைகளும் அதற்குப் பின் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தன.

இதற்கிடையில் 1888இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜான் கார்பட் என்பவர், உடையும் கண்ணாடிக்குப் பதிலாக செல்லுலாய்டுத் தாளில் மருந்து பூசி விற்கத் தொடங்கினார். இதுவே தாள் பிலிம். சுருள் பிலிமில் பல படங்களும் ஒன்றாகவே கழுவப்படும். தாள் பிலிமிலோ ஒரு தாளுக்கு ஒரு படம். ஒவ்வொரு தாளையும் அந்தந்தக் காட்சிக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்கலாம், தனித்தனியாகக் கழுவலாம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படம் எடுத்தவர்கள் பயன்படுத்தியது பெரும்பாலும் கண்ணாடித் தகடு அல்லது இந்தத் தாள்தான்.

எப்படிக் கழுவுவது என்பதற்குக் கணக்கு வகுத்தவர்கள், இங்கிலாந்தின் விட்னெஸ் நகரில் இரசாயனத் தொழிற்சாலையில் பணியாற்றிய ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்னும் இரு நண்பர்கள். படமெடுப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. தங்கள் ஆராய்ச்சியை 1890இல் வெளியிட்டார்கள். விழுந்த ஒளி எவ்வளவு, அதனால் நெகடிவ் எவ்வளவு கறுத்தது என்பதை அளந்து ஒரு வளைகோடாக வரைந்தார்கள். கழுவும் நேரம் கூடக் கூட அந்தக் கோடு செங்குத்தாகிறது என்பதையும் காட்டினார்கள்.

இதை வட்டிக் கணக்காக எண்ணிப் பாருங்கள். குறைந்த பணம் போட்டவருக்கு நாளாக நாளாகச் சிறிதளவே வட்டி சேரும்; நிறையப் போட்டவருக்கு நிறையச் சேரும். அதுபோல, ஒளி குறைவாக விழுந்த நிழற்பகுதி, எவ்வளவு நேரம் கழுவினாலும் அதிகம் வளராது. ஒளி மிகுந்த பகுதியோ வளர்ந்துகொண்டே போகும். ஆகவே நிழலுக்கு வேண்டியதைப் படம் எடுக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். வெளிச்சத்தைக் கழுவும்போது கட்டுப்படுத்திக்கொள்ளலாம். எடுக்கும்போது கொடுக்காத ஒளியைப் பிறகு எந்த மருந்தாலும் உண்டாக்க முடியாது.

இந்த அறிவை எவரும் கையாளும் முறையாக்கியவர்களில் ஒருவர் அமெரிக்கரான ஆன்சல் ஆடம்ஸ். 1902இல் பிறந்து 1984இல் மறைந்தவர். 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிரெட் ஆர்ச்சர் என்னும் ஆசிரியரோடு சேர்ந்து, முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை 11 படிகளாகப் பிரித்தார். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் ஒளி இரண்டு மடங்கு. காட்சியில் உள்ள எந்த இடம் எந்தப் படியில் நிற்கவேண்டும் என்பதைப் படம் எடுக்கும் முன்பே முடிவு செய்யவேண்டும் என்றார்.

1941இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஹெர்னான்டெஸ் கிராமத்தைக் கடந்து சென்றபோது, அந்தி வெயில் கல்லறைச் சிலுவைகளின்மேல் விழுவதையும், மேலே நிலவு எழுவதையும் ஆடம்ஸ் கண்டார். ஒளிமானி கைக்குக் கிடைக்கவில்லை. நிலவின் ஒளியளவு அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. அதை வைத்தே கணக்கிட்டு, 8க்கு 10 அங்குலத் தாளில் ஒரு படம் எடுத்தார். அடுத்த தாளுக்குத் தயாராவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. நிலவைக் காத்ததால் கீழ்ப்பகுதி மெலிந்த நெகடிவாக அமைந்தது. 1948இல் அந்தப் பகுதியை மட்டும் மருந்திட்டு வலுப்படுத்தினார். எடுத்த ஆண்டையே அவர் மறந்திருந்தார். நிலவு நின்ற இடத்தைக் கணக்கிட்டு, அது நவம்பர் 1ஆம் நாள் என்று 1991இல் கண்டறிந்தார்கள்.

இனி, எந்த வெளிச்சத்துக்கு எந்தப் பிலிம்? மேகமூட்டமான நாளில் வெளிச்ச வேறுபாடு குறைவு, படம் மங்கலாகும். அப்போது, இல்போர்டின் எஃப்பி4 பிளஸ் போன்ற வேகம் குறைந்த பிலிமை எடுத்துச் சற்றுக் கூடுதலாகக் கழுவுவார்கள். கடும் வெயிலில் வேறுபாடு அதிகம். அப்போது, எச்பி5 பிளஸ் போன்ற வேகமான, இயல்பிலே சற்று மென்மையான பிலிமுக்கு நிறைய ஒளி கொடுத்து, கழுவும் நேரத்தைக் குறைப்பார்கள். விளக்குகளை விருப்பம்போல் வைக்கக்கூடிய ஸ்டூடியோவில், நிழலை மெதுவாகவும் வெளிச்சத்தைத் தெளிவாகவும் பிரித்துக்காட்டும் கோடாக்கின் டிரை-எக்ஸ் தாள் பிலிமைப் பலர் விரும்பினர்.

இப்போது சுவரில் உள்ள படத்துக்கு வருவோம். உச்சி வெயில், கண்குழியில் நிழல், ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும் வெள்ளை வேட்டி, அதில் சிறு பகுதியையே திருப்பி அனுப்பும் முகம். வேட்டியைப் பார்த்து ஒளியைக் கணக்கிட்டால் முகத்துக்கு ஒளி போதாது. சிவப்பை உணராத பிலிமாக இருந்தால் குறை இன்னும் கூடும். அதே முகத்தை மரநிழலில் உட்கார வைத்து, முகத்துக்கு ஏற்ற ஒளி கொடுத்துச் சற்றுக் குறைவாகக் கழுவியிருந்தால், தாத்தாவின் புன்னகையும் தெரிந்திருக்கும். வேட்டியின் மடிப்பும் தெரிந்திருக்கும். ஆக, குற்றம் நிறத்தில் இல்லை. எதைக் காப்பது என்ற முடிவை, முகத்தை மனத்தில் வைத்து எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

முடிவாக ஒரு வேண்டுகோள். பழைய பெட்டியில் நெகடிவ் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். தாளில் தெரியாத விவரம் நெகடிவில் தங்கியிருக்கக்கூடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, முகம் உள்ள இடத்தைப் பாருங்கள். அது வெறும் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. கொஞ்சமாவது கோடும் சாயலும் தெரிந்தால், விவரம் அறிந்தவரிடம் கொடுத்து, முகத்துக்கு ஏற்றபடி மீண்டும் அச்சிட்டுப் பாருங்கள். இத்தனை ஆண்டுகள் இருளில் இருந்த முகம் பேரப்பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரியலாம். "நம்ம நிறம் படத்திலே விழாது" என்று அந்தப் பிள்ளைகளிடம் இனிச் சொல்லவேண்டாம்.