அணைக்குள் போன பழைய பஹாங் சாலை

கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குச் செல்வோர் வழியில் சிலாங்கூர் ஆற்று அணைக்கட்டின் நீர்ப்பரப்பைப் பார்த்திருப்பார்கள். கம்போங் கெராச்சி, கம்போங் பெர்த்தாக் ஆகிய இரு பூர்வக்குடிக் கிராமங்களின் பக்கமாகச் சென்ற பழைய சாலையின் ஒரு பகுதி இந்த நீருக்கடியில்தான் இருக்கிறது.

தங்கம் விளைந்த ரவூப், கோல லிப்பிஸ் ஆகிய ஊர்களைச் சிலாங்கூருடன் இணைக்க, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மத்திய மலைத்தொடரைக் கடந்து போடப்பட்ட வழி இது. மலைமுகட்டில் உள்ள 'கேப்' என்ற இடம் சிலாங்கூர் - பஹாங் எல்லை. அவசரகாலத்தின்போது, 1951 அக்டோபர் 6-ஆம் தேதி, பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டதும் கேப்புக்குச் செல்லும் இதே சாலையில்தான்.

கோலகுபு பாரு முதல் பஹாங்கின் தெரானும் வரை இன்று இது 55-ஆம் எண் கூட்டரசுச் சாலை. பலகையில் எண் மட்டும் இருந்தால் அது கூட்டரசுச் சாலை. எண்ணுக்கு முன் மாநிலத்துக்குரிய எழுத்து இருந்தால் மாநிலச் சாலை: சிலாங்கூருக்கு 'பி', பஹாங்கிற்கு 'சி'.

2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சுமார் 110 மீட்டர் உயர அணை எழும்பியபோது பள்ளத்தாக்கில் நீர் தேங்கியது. சாலை மேட்டுப் பகுதிக்கு மாற்றப்பட்டது. புதிய பாதைக்கும் அதே 55-ஆம் எண்ணே நிலைத்தது.

சாலையை மாற்றுவது எளிது. ஊரை மாற்றுவது அப்படியல்ல. இரு கிராமங்களிலும் வாழ்ந்த தெமுவான் மக்களுக்குப் புதிய வீடுகள் கட்டித் தரப்பட்டன. கெராச்சி மக்கள் குடியேறிய இடம் கெராச்சி ஜெயா எனப்படுகிறது. ஆனால், தலைமுறை தலைமுறையாகப் பழமரம் வளர்த்த நிலமும் மீன்பிடித்த ஆற்றங்கரையும் திரும்பக் கிடைக்கவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களுக்கு இந்த இழப்பை விளக்கத் தேவையில்லை.

இவ்வட்டாரத்தில் தண்ணீரால் இடம் பெயர்ந்தவர்கள் இவர்கள் மட்டுமல்லர். 1883 அக்டோபரில் பழைய கோலகுபுவின் அணை உடைந்து, மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங் உட்படப் பலர் மாண்டனர். 'உடைந்த அணை' என்று பொருள்படும் அம்பாங் பெச்சா என்ற ஊர்ப்பெயர் அதைத்தான் நினைவூட்டுகிறது. ஈயச் சுரங்க மணல் ஆற்றைத் தூர்த்ததால் வெள்ளம் தொடர்ந்தது. 1920-களின் வெள்ளங்களுக்குப் பின் மேட்டு நிலத்தில் உருவான ஊரே கோலகுபு பாரு.

அன்று உடைந்த அணை ஒரு பட்டணத்தை இடம் பெயர்த்தது. இன்று உறுதியாக நிற்கும் அணைக்காக இரண்டு கிராமங்கள் இடம் பெயர்ந்தன. இங்கிருந்து திறந்துவிடப்படும் நீர் ஆற்று வழியே பெஸ்தாரி ஜெயா பக்கம் சென்று, சுத்திகரிக்கப்பட்டுக் கிள்ளான் பள்ளத்தாக்கின் வீடுகளுக்கு வருகிறது. குழாயைத் திறக்கும்போது அந்த இரு கிராமங்களையும் நினைத்துக்கொள்வது நன்று.