நெட்டித் தொப்பியும் முழுக்கைச் சட்டையும்

மதுரை வெயிலை மதுரைக்காரங்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஊர் இருப்பது ஏறத்தாழ 9.9 பாகை வடக்கு. அதனால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். புற ஊதாக் குறியீடு 3 ஆனாலே பாதுகாப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11 என்பது உச்சகட்டம். மேகமில்லாத சித்திரை மதியத்தில் நாம் அதைச் சாதாரணமாகத் தாண்டுகிறோம். ஆனாலும் தோல் புற்றுநோய்க்குப் பயந்து இங்கே யாரும் தலையை மூடுவதில்லை. சரி, வெயிலுக்கு மூடிக்கொள்ளும் பழக்கம் எதனால்தான் வருகிறது?

முதலில் துரைமார்களின் சோலா தொப்பியைப் பார்ப்போம். அது வேறொன்றுமில்லை, நம்ம நெட்டிதான். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் அதே தண்டுதான். வெயிலின் கதிர்கள் மண்டையோட்டைத் துளைத்து மூளையைக் கெடுக்கும் என்பது அவர்கள் பயம். அமெரிக்க ராணுவ மருத்துவர் சார்லஸ் உட்ரஃப் 1905-ல் இதற்காக ஒரு புத்தகமே போட்டார். போகப் போகத் தொப்பி அந்தஸ்தின் அடையாளமாகவும் ஆகிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் அதைக் கழற்றிவிட்டுச் சண்டை போட்டார்கள். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பயம் போனது, ஆட்சியும் போனது, கூடவே தொப்பியும் போனது.

இதில் ஒரு வேடிக்கை. புற ஊதாக் கதிர் எலிகளுக்குத் தோல் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஃபிண்ட்லே 1928-லேயே காட்டிவிட்டார். அதாவது, தொப்பிக்குச் சரியான காரணம் கிடைத்த பிறகுதான் தொப்பி ஒழிந்தது!

வெள்ளைத்தோல் குடியேறிகள் நிறைந்த ஆஸ்திரேலியாவில் 1981-ல் 'சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை' என்று பிரசாரம் தொடங்கியபோது எடுபட்டது. அங்கே நோய் கண்ணெதிரே இருந்தது. நமக்கு மெலனின் காவல் இருக்கிறது. இந்தப் புற்றுநோய் இங்கே குறைவு. நம்மூரில் எடுபட்டது வேறு பயம்: 'வெயில்ல சுத்தாத, கறுத்துடுவ'. 1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி வந்து அந்தப் பயத்தைக் குழாயில் அடைத்து விற்றது. பின்னால் வந்த சன்ஸ்கிரீனும் அதே அலமாரியில் போய் உட்கார்ந்துவிட்டது.

ஆனால் மேலூர்ப் பக்கம் வயலில் பாருங்கள். சேலைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. எந்த டாக்டரும் சொல்லி வந்ததல்ல. வெயில் எரிச்சலும் நெல் தாளின் சுணையும் அன்றைக்கே குறைகிறது, அதனால் போட்டுக்கிறாங்க. இருபது வருஷம் கழித்து வரப்போகும் நோய்க்காக மனுஷன் பழக்கத்தை மாற்றுவது அபூர்வம். இன்றைக்குக் கிடைக்கும் சுகத்துக்கோ மரியாதைக்கோ மாற்றுவான்.

பெரும்பாலானவர்களுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. நஷ்டம் அல்பினிசத்தோடு, அதாவது நிறமி இல்லாமலோ மிகக் குறைவாகவோ பிறந்தவர்களுக்கு. இந்த வெயிலில் அவர்களுக்குத் தோல் புற்றுநோய் இளம் வயதிலேயே வரலாம். முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, சன்ஸ்கிரீன் மூன்றும் அவர்களுக்கு மருந்து மாதிரி. 'அதெல்லாம் அழகுக்குப் பூசுறது' என்று ஒரு வீடு நினைத்தால், அந்தப் பிள்ளைக்கு அது கிடைக்காமலே போகும். தெரிந்த வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், புற்றுநோய் என்று மிரட்டுவதைவிட, வகுப்பில் தொப்பி போட அனுமதி வாங்கிக் கொடுப்பது அதிகம் உதவும்.