எடை எழுதிய ஏடு

மைசூர் என்றதும் நம் நினைவில் முதலில் எழுவன தசராத் திருவிழாவும் சாமுண்டி மலையும் சந்தன மணமுமே ஆகும். மாநிலம் விட்டு மாநிலம் சென்று வாழும் தமிழர் பலருக்கு அது பிழைப்புத் தந்த ஊராகவும் இருக்கிறது. இன்று மைசூரு என்று வழங்கும் அந்நகருக்கு அவ்வளவாக வெளியே தெரியாத மற்றொரு பெருமையும் உண்டு. அங்குள்ள மருத்துவமனை ஒன்றில் எழுதி வைக்கப்பட்ட பிரசவப் பதிவேடுகள், அறுபது ஆண்டுகள் கழிந்தபின் உலகத்து மருத்துவ அறிஞர்களுக்கே பாடம் புகட்டின. அந்த ஏடுகளின் வரலாற்றையும், அதிலிருந்து நம் குழந்தைகளுக்குக் கிட்டக்கூடிய நன்மையையும் இங்கே நோக்குவோம்.

குழந்தை பிறந்ததும் நாழிகையைக் குறித்து வைப்பது நம்மிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கம். நட்சத்திரம் இன்னது, லக்கினம் இன்னது என்று கணித்து ஜாதகம் எழுதிப் பெட்டியில் பத்திரப்படுத்துகிறோம். ஆனால், பிறந்த குழந்தை எத்தனை ராத்தல் எடை, எத்தனை அங்குல நீளம் என்று எழுதி வைக்கும் வழக்கம் நம் முன்னோர் வீடுகளில் இல்லை. குழந்தையை எடை போட்டால் கண் படும் என்று அஞ்சிய பாட்டிமாரும் உண்டு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பழமொழி சொன்ன சமூகம், குழந்தையை மட்டும் அளக்கத் தயங்கியது.

மைசூரில் வெஸ்லியன் கிறிஸ்தவச் சபையார் 1906-ஆம் ஆண்டில் ஒரு மருத்துவமனையை நிறுவினர். ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை என்பது அதன் பெயர். ஊரார் வாயில் அது மிஷன் ஆஸ்பத்திரி. 1934 முதல் அங்கே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவற்றைப் பேரேட்டில் பதிந்து வந்தார்கள். கருவுற்ற காலத்தில் தாயின் எடையும் குறிக்கப்பட்டது. பிற்காலத்து ஆராய்ச்சிக்காக எழுதப்பட்ட ஏடுகள் அல்ல இவை. அன்று அந்தத் தாய்க்கும் சேய்க்கும் செய்ய வேண்டிய சிகிச்சையைச் செம்மையாகச் செய்யும் பொருட்டு எழுதப்பட்டவை. எழுதியவர்களின் பெயர்களை நாம் அறியோம். அவர்களுடைய ஒழுங்கை மட்டும் அறிவோம்.

இவ்வேடுகளின் அருமை வெளிப்படுவதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு செய்தி காரணமாயிற்று. அந்நாட்டின் ஹெர்ட்போர்ட்ஷயர் மாவட்டத்தில் எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்னும் அம்மையார் தலைமையில் மருத்துவச்சிகளும் சுகாதாரப் பணிப்பெண்களும் 1911 முதல் குழந்தைகளின் எடையைப் பிறந்த அன்றும் ஓராண்டு நிறைவிலும் எழுதி வைத்தனர். பல்லாண்டுகளுக்குப் பின் டேவிட் பார்க்கர் என்னும் பேராசிரியர் அந்த ஏடுகளைத் தேடி எடுத்தார். 1911 முதல் 1930 வரை அங்கே பிறந்த 5,654 ஆண்களின் பிற்கால வாழ்வை ஆராய்ந்து, 1989-இல் முடிவை வெளியிட்டார். ஓராண்டு நிறைவில் எடை மிகக் குறைவாயிருந்தவர்களிடையே இருதய நோயால் நேர்ந்த மரணம் மிகுதி என்பது அம்முடிவு. முதுமையில் வரும் நோயின் வித்துச் சிசுப் பருவத்திலேயே விழுந்துவிடக் கூடும் என்ற எண்ணம் அதனால் வலுப்பெற்றது.

குளிர் நாட்டு மக்களுக்கு ஒத்த இவ்வுண்மை நம் நாட்டவர்க்கும் ஒக்குமா என்ற வினா உடனே எழுந்தது. இதற்கு விடை காண வேண்டுமாயின், ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முந்திய பிறப்பு எடைக் கணக்கு இந்தியாவில் எங்கேனும் அழியாமல் இருத்தல் வேண்டும். மைசூர் மிஷன் ஆஸ்பத்திரியில் அது இருந்தது! பார்க்கரும் கரோலின் ஃபால் என்னும் அம்மையாரும் அவர்தம் இந்தியத் தோழர்களும் 1990-களில் பணி தொடங்கினர். மருத்துவமனையைச் சூழ்ந்த பகுதிகளில் வீடு வீடாகச் சென்று, அங்கே பிறந்து அருகிலேயே வாழ்ந்து வந்தவர்களைக் கண்டு, அவர்களைப் பழைய ஏட்டின் வரிகளோடு பொருத்தினர்.

1934-க்கும் 1954-க்கும் இடையே பிறந்த 517 பேரைப் பரிசோதித்த முடிவு 1996-இல் வெளியாயிற்று. பிறக்கும்போது ஐந்தரை ராத்தலோ அதற்குக் குறைவோ, அதாவது இரண்டரை கிலோவுக்கு மேற்படாத எடையோ இருந்தவர்களில், நூற்றுக்கு 11 பேருக்கு இருதய இரத்தக்குழாய் நோய் காணப்பட்டது. ஏழு ராத்தலுக்குக் குறையாமல் பிறந்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கே அது இருந்தது. தாயின் எடை நூறு ராத்தலுக்குக் குறைந்து, குழந்தையும் மெலிந்து பிறந்த இனத்தில் இவ்விகிதம் நூற்றுக்கு 20 ஆக உயர்ந்தது. தாயின் உணவுக் கலத்தில் அன்று குறைந்தது, மகனின் இருதயத்தில் ஐம்பதாண்டு கழித்துத் தெரிந்தது போலும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஜாதகத்தைப் போலவே இவ்வெண்களையும் தலைவிதியாகக் கொள்ளலாகாது. மெலிந்து பிறந்தவர்களில் நூற்றுக்கு 89 பேருக்கு அந்நோய் இல்லை என்பதும் அதே கணக்குத்தான். எந்தத் தாய்க்கு, எந்தக் குழந்தைக்கு முன்கூட்டியே உதவி தேவை என்று காட்டுவதே எண்ணின் வேலை.

அடுத்து நேர்ந்தது ஆராய்ச்சியாளர் எதிர்பாராதது. இங்கிலாந்தில் மெலிந்து பிறந்தவர்களிடமே நீரிழிவு மிகுந்து காணப்பட்டது. மைசூரில் 506 பேரை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட கட்டுரையோ வேறு கதை சொல்லிற்று. நீளம் குறைந்து, நீளத்துக்கு மிஞ்சிய பருமனோடு பிறந்தவர்களிடமும், உடற்கனம் மிகுந்த தாய்மாருக்குப் பிறந்தவர்களிடமும் இங்கே நீரிழிவு மிகுந்திருந்தது. கருவுற்ற காலத்தில் தாயின் இரத்தத்தில் சர்க்கரை ஏறியதே இதற்குக் காரணமாகலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதினர். ஒரு நாட்டில் கண்ட முடிவை மற்றொரு நாட்டுக்கு அப்படியே எடுத்துச் சென்று சட்டையைப் போல மாட்டிவிட முடியாது என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. நம் குழந்தைகளுக்கான திட்டத்துக்கு நம் குழந்தைகளின் கணக்கே அடிப்படையாதல் வேண்டும்.

ஐயத்தைத் தீர்க்க அதே மருத்துவமனையில் 1997-98-இல் ஒரு புதிய ஆய்வு தொடங்கப் பெற்றது. பார்த்தினான் ஆய்வு என்பது அதன் பெயர். 830 கருவுற்ற பெண்கள் அதில் பங்கு கொண்டனர். இம்முறை பழைய ஏட்டைப் புரட்டிப் பின்னோக்கிப் பார்க்கவில்லை. பிறந்த குழந்தைகளை ஆண்டுக்கு ஆண்டு அழைத்து அளந்து, உடன் நடந்து சென்றார்கள். ஜி. வி. கிருஷ்ணவேணி முதலிய இந்திய ஆராய்ச்சியாளர் இப்பணியைப் பல்லாண்டு நடத்தினர். தாய்மாரில் நூற்றுக்கு 6 பேருக்குக் கருவுற்ற கால நீரிழிவு இருந்தது. அவர்களுடைய பெண் குழந்தைகளிடம் ஐந்து வயதிலேயே உடற்கொழுப்பு மிகுந்திருந்தது. மேலும், தாய்மாரில் நூற்றுக்கு 43 பேருக்கு வைட்டமின் பி-12 குறைந்திருந்தது. ஃபோலிக் அமிலம் குறைந்தவரோ நூற்றுக்கு 4 பேரே. தாயின் இரத்தத்தில் ஃபோலிக் அமிலம் உயர்ந்திருந்த குழந்தைகள், ஒன்பது பத்து வயதில் அறிவுத் திறன் சோதனைகளில் சற்று மேலான மதிப்பெண் பெற்றனர் என்றும் 2010-இல் வெளியான ஒரு கட்டுரை கூறுகிறது.

ஆராய்ச்சி இவ்வாறு வளர்வது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், 1934-இல் பிறந்த குழந்தைக்கு அதன் எடையைக் குறித்ததால் கிடைத்த அறிவு, அதற்கு அறுபது வயது ஆனபின்தானே வந்தது? எழுதுவதற்கும் உதவுவதற்கும் இடையே உள்ள காலத்தைக் குறுக்க முடியாதா? முடியும் என்று காட்டியவர்களும் நம் பக்கத்திலேயே இருந்தனர். அதைக் காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுவோம்.

அதே மைசூர் நகரில், செலுவாம்பா மாளிகையில், 1950 அக்டோபரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப் பெற்றது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன். நிலக்கடலை மாவு முக்கால் பங்கும் கடலை மாவு கால் பங்கும் கலந்து, வைட்டமின்களும் தாதுப் பொருள்களும் சேர்த்து, மலிவான சத்துமாவு ஒன்றை அந்நிலையத்தார் ஆக்கினர். பள்ளிச் சிறுவர்களுக்கு அதைக் கொடுத்து, உயரமும் எடையும் எவ்வளவு ஏறுகின்றன என்று அளந்து, 1957-இல் முடிவை வெளியிட்டனர். இங்கே அளவு சொன்ன செய்தி ஆண்டுகளுக்குக் காத்திராமல் அடுத்த வேளை உணவுக்கு வழிகாட்டியது.

1975 அக்டோபர் 2-ஆம் நாள் நாடெங்கும் 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. கர்நாடகத்தில் அது முதலில் கால் வைத்தது மைசூர் மாவட்டத்துத் திருமகூடலு நரசீபுரத்தில். காவிரியும் கபினியும் கூடும் தலம் அது. நூறு அங்கன்வாடிகளோடு தொடங்கிய அத்திட்டத்தில், குழந்தையை எடை போட்டு அட்டையில் கோடு வரைவதும் ஊழியரின் கடமையாயிற்று.

அக்காவிரி பாய்ந்து வரும் தமிழகத்தில் 1980-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மேலும் ஒரு படி சென்றது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளைக் கிராமத்துப் பணிப்பெண் மாதந்தோறும் எடை போட்டாள். எடை ஏற வேண்டிய அளவு ஏறாத குழந்தைக்கு உடனே கூடுதல் உணவு. தொண்ணூறு நாட்கள் கழித்து நிலைமை தேறினால் அது நிறுத்தப்படும். தாய்க்கு எதிரிலேயே எடை போட்டு, கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவளுக்கே காட்டினார்கள். அறுபது ஆண்டு இடைவெளி ஒரே மாதமாகச் சுருங்கிவிட்டது. இதுவே நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து: குழந்தையிடமிருந்து எடுத்த எண், காலம் தாழ்த்தாமல் குழந்தையிடமே திரும்பி வர வேண்டும்.

அறிக்கைகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு வரும் தொழிலில் இருக்கும் நமக்கு, இக்கருத்தைத் ‘தரவு’ என்னும் சொல்லே நாள்தோறும் நினைவூட்டுகிறது. தரப்பட்டது எதுவோ அது தரவு. இலத்தீன் மொழிவழி ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லுக்கும் பொருள் அதுவே. தந்தவர் யார்? கைக்குழந்தையோடு வெயிலில் நடந்து வந்து, தராசில் அதைக் கிடத்திய தாய். எண் மாத்திரம் மேலே மேலே ஏறிச் சென்று, தலைநகரத்து அலமாரியில் அறிக்கையாக அமர்ந்துவிடுமாயின், வாங்கிய கடனைத் திருப்பித் தராதவர்களாகவே நாம் ஆவோம். எடை போடுவதால் மட்டும் எந்தக் குழந்தையும் வளர்வதில்லை.

தேவை இன்னும் தீர்ந்துவிடவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர் கர்நாடகத்தில் நூற்றுக்கு 35 பேர். தமிழகத்தில் 25 பேர். ‘நம்மவர் உடல்வாகே அப்படித்தான்’ என்று ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்து 2006-இல் வளர்ச்சி அளவுகளை வெளியிட்டது. தாய்ப்பாலும் நல்லுணவும் தூய்மையான சூழலும் கிடைத்தால், எந்நாட்டுக் குழந்தையும் முதல் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ ஒரே விதமாக வளரும் என்று அது காட்டியது.

பிற மாநிலங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு. கருவுற்ற பெண்ணுக்குத் தமிழகத்தில் பிக்மி எண்; கர்நாடகத்தில் தாயி கார்டு. பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வதும், மூன்று மாதம் கழித்துக் கணவன் வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்புவதும் நம் வழக்கம். அப்போது குழந்தையின் கணக்கு எல்லையில் இரண்டாக வெட்டுண்டு போகிறது. பிறந்த எடை ஓர் ஊரில், தடுப்பூசி விவரம் மற்றோர் ஊரில், இளைத்த மாதம் எந்த ஏட்டிலும் இல்லை என்றாகிவிடுகிறது. 2021-இல் மத்திய அரசாங்கம் தொடங்கிய போஷண் டிராக்கர் என்னும் செயலியில், குடிபெயரும் தாயும் சேயும் புதிய ஊரின் அங்கன்வாடியில் தொடர்ந்து சேர்வதற்கு வழி செய்யப்பட்டுள்ளது. ஆயினும், தாய் சென்று கேளாவிடில் அவ்வழி திறவாது. மொழி தெரியவில்லை என்ற கூச்சம் வேண்டா. தமிழ் அட்டையிலும் கன்னட அட்டையிலும் வளர்ச்சிக் கோடு ஒரே மொழியில்தான் பேசுகிறது.

ஆதலின், ஊர் மாறும்போது ஜாதகத்தோடு அந்த அட்டையையும் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த எடையைக் கேட்டு எழுதி வாங்குங்கள். மாதந்தோறும் எடை போடச் செய்து, கோடு தாழ்ந்தால், ‘இதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்?’ என்று தயங்காமல் கேளுங்கள். மைசூரில் பெயர் தெரியாத செவிலியர் சிலர் எழுதி வைத்த வரிகள் உலகுக்குப் பயன்பட அறுபது ஆண்டுகள் ஆயின. நம் குழந்தையின் வரி அதற்கு அடுத்த மாதமே பயன்பட வேண்டும்.